ரிப்போர்ட் எழுத வீட்டுக்கு வர்றாங்களாம், என்ன கேப்பாங்க?

4 மே 2025, கேள்வி

என் தம்பிக்கு 20 வயசு. போன ஆடி மாசம் பிரெண்டு கூட வண்டியில போய் ஒரு அக்காகிட்ட செல்போன் பறிச்ச கேஸ். இவன் வண்டி ஓட்டினான், பின்னாடி இருந்தவன் பறிச்சான். வேற கேஸ் எதுவும் இல்ல. கோர்ட்ல தப்பை ஒத்துக்கினான். ஜட்ஜம்மா உடனே தண்டனை சொல்லாம நன்னடத்தை அலுவலர் ரிப்போர்ட் வரட்டும்னு வாய்தா போட்டுட்டாங்க. நாங்க வியாசர்பாடியில ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. வக்கீல் இன்னா சொல்றார்னா உங்க ஏரியா பேரைப் பாத்தாலே ரிப்போர்ட் கெட்டதா தான் வரும், மனசைத் தேத்திக்கோங்கன்றார். நெஜமா? வர்றவங்க போலீஸ் டிரஸ்ல வருவாங்களா? காசு எதுனா குடுக்கணுமா? வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சிடலாமானு அம்மா கேக்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

4 மே, ராத்திரி

நான் அந்த வேலை தான் பாக்குறேன்மா. 13 வருஷம் ஆச்சு, எல்லாம் வடசென்னை பக்கம் தான். முதல் 2 வருஷம் இளைஞர் நீதிக் குழுமத்துல ஒப்பந்த வேலை, அப்புறம் பெரியவங்க கோர்ட்.

பெயிண்ட் அடிக்காதீங்க. காசு ஒரு ரூபா குடுக்கக் கூடாது, அலுவலர் பேரைச் சொல்லி எவனாவது கேட்டா நேரா கோர்ட்ல சொல்லிடுங்க. யூனிபார்ம் கிடையாது. நான் சுடிதார்ல ஒரு துணிப் பையோட போவேன், தெருவுல நின்னு பையன் பேரைச் சொல்லி விசாரிக்க மாட்டேன், போன் பண்ணி மாடி நம்பர் கேட்டுக்குவேன்.

என்ன கேப்பாங்கன்னா வீட்ல யார் யார், யார் சம்பாதிக்கிறா, பையன் எதுவரைக்கும் படிச்சான், ஏன் நின்னான், காலையில எழுந்து எங்க போறான், யார் கூட சுத்துறான், குடிப் பழக்கம் உண்டா, இவன் யார் பேச்சைக் கேப்பான். கடைசி கேள்விக்குத் தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்குவேன். அப்பா அம்மா பேச்சைக் கேக்காத பையன் கூட ஒரு மெக்கானிக் அண்ணன் பேச்சைக் கேப்பான், இல்ல பாட்டி பேச்சை. அந்த ஒரு ஆள் கெடைச்சா போதும், ரிப்போர்ட்டுக்கு ஒரு முதுகெலும்பு வந்துடும்.

இதெல்லாம் 1958ல வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி நடக்குறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரைக்கும் போகாத குற்றம்னா கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பாம, நல்லபடியா நடந்துக்குவேன்னு பத்திரம் எழுதி வாங்கிட்டு விடலாம், அதிகபட்சம் 3 வருஷத்துக்கு. கூடவே எங்க மேற்பார்வையில இருக்கணும்னும் உத்தரவு போடலாம். தப்பு நடந்தப்ப 21 வயசு ஆகலைன்னா இன்னும் பலம், பிரிவு 6ன்படி ஜெயில்ல போடணும்னா ஏன்னு காரணத்தைக் கோர்ட் எழுதியாகணும், அதுக்கு முன்ன எங்க ரிப்போர்ட்டையும் கேட்டாகணும். உங்க ஜட்ஜம்மா அதைத் தான் செஞ்சிருக்காங்க.

வக்கீல் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியைப் பத்தி எழுதணும், இன்னைக்கு கை ஓயுது, அப்புறம் வர்றேன்.

6 மே

ஒரு தப்பைத் திருத்திக்கிறேன், கீழ ஒரு வக்கீல் தம்பி சுட்டிக் காட்டினார், அவர் சொன்னது சரி. 21 வயசுக் கணக்கு தப்பு நடந்த நாள் இல்ல. கோர்ட் குத்தவாளின்னு முடிவு பண்ற நாள்ல இருக்கிற வயசு தான் கணக்கு, ராம்ஜி மிஸ்ஸார் வழக்குல உச்ச நீதிமன்றம் 60களிலேயே சொல்லிட்டது. எனக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்துப் பழக்கம் ஊறிப் போயிருக்கு, அங்க 18 வயசை தப்பு நடந்த நாளை வச்சுத் தான் பாக்கணும். ரெண்டையும் போட்டுக் கொழப்பிட்டேன், வயசு விஷயத்துல கொழப்பக் கூடாது, ஒரு பையன் வாழ்க்கை அதுல தொங்குது.

அதனால கேக்குறேன், தம்பிக்கு 21 எப்ப முடியுது? வாய்தா மேல வாய்தா வாங்காதீங்க. வாங்கி 21 தாண்டினா கூட கதவு சாத்திடாது, பிரிவு 4க்கு வயசு வரம்பே இல்ல, 45 வயசு ஆளுக்கும் பத்திரம் வாங்கிக் குடுத்திருக்கோம். ஆனா கோர்ட் காரணம் எழுதியாகணும்ன்ற அந்தப் பாதுகாப்பு போயிடும்.

11 மே

சரி, அந்தப் பாதி உண்மை.

வேலைக்குச் சேந்து 3வது வருஷம். புளியந்தோப்புல ஒரு பையன், 19 வயசு, ஒரு கடைக்குள்ள பூந்து பேட்டரி திருடின கேஸ். விசாரணைக்குப் போனேன். காலையில பதினோரு மணி. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்ல ஒரு அம்மா எட்டிப் பாத்து, யார் இருக்கா எல்லாம் சுத்தப் போயிடுவாங்கன்னு ஏதோ சொன்னாங்க. அடுத்த வாரம் மறுபடி போனேன், மறுபடி பதினோரு மணி, மறுபடி பூட்டு. எனக்கு அன்னைக்குக் கையில 9 ரிப்போர்ட் பாக்கி. ஆபீஸ்ல இருந்த பழைய பைல் ஒண்ணைப் பாத்து எழுதினேன்: வீடு பூட்டியிருந்தது, குடும்பத்தின் கண்காணிப்பு இல்லை, வசிக்கும் பகுதி குற்றச் சூழல் நிறைந்தது. மூணு வரி. மூணுமே நான் கண்ணால பாத்தது இல்ல, பூட்டைத் தவிர.

அவனுக்கு ஜெயில் ஆச்சு. புழல்.

தீர்ப்பு அன்னைக்கு கோர்ட் வராந்தாவுல ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க, சண்டைக்கு இல்ல. கையில ஒரு மஞ்சப்பை. அதைப் பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து வராந்தாத் தரையில வச்சாங்க. ரேஷன் கார்டு, பையனோட டிசி, ஸ்டான்லி ஆஸ்பத்திரி சீட்டு அப்பாவுக்கு, ஒரு கேரம் போட்டி சர்டிபிகேட். எல்லாத்தையும் பால் கவரைக் கழுவிக் காய வச்சு அதுக்குள்ள போட்டு ரப்பர் பேண்டு சுத்தியிருந்தாங்க, மழைக்காலத்துல வீட்டுக்குள்ள தண்ணி வருமாம், நனையக் கூடாதுன்னு. "யம்மா நீ வருவேன்னு மூணு வாரமா இத எட்தாந்து வாசல்ல குந்தினு இருந்தேன், ராத்திரில. நீ பகல்ல வந்தியாம்மே, பகல்ல நான் நாலு ஊட்ல பாத்திரம் தேய்க்கிறேன்"னாங்க.

அவ்ளோ தான் சொன்னாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

கண்காணிப்பு இல்லாத குடும்பம்னு நான் எழுதினது அந்த அம்மாவைப் பத்தி.

அன்னையில இருந்து நான் பகல்ல வீட்டுக்குப் போறதில்ல. ராத்திரி ஏழரைக்கு மேல, இல்ல காலையில அஞ்சரைக்கு. ஏரியாவைப் பத்தி பொதுவா ஒரு வரி கூட எழுதுறதில்ல, இந்த வீடு, இந்த அம்மா, இந்தப் பையன், இவ்ளோ தான். தெருவுல கேஸ் இருக்குன்றது தெருவோட ரிப்போர்ட், பையனோட ரிப்போர்ட் இல்ல. உங்க வக்கீல் பாத்த ரிப்போர்ட் எல்லாம் நான் அன்னைக்கு எழுதின மாதிரி ரிப்போர்ட்டா இருக்கும். அதனால தான் அவர் அப்படிப் பேசுறார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல.

12 மே

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர், கேரம் சர்டிபிகேட்டையும் சேத்து வச்சிருந்தாங்களானு கேட்டிருக்கார். ஆமா. இன்னும் சொல்லணும்னா பல ரிப்போர்ட்ல கேரம் கிளப்புக்குப் போறான்றதை கெட்ட சகவாசம்ன்ற கட்டத்துல எழுதி நானே பாத்திருக்கேன். நம்ம வடசென்னை பொண்ணு காசிமா 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம் வாங்கிட்டு வந்த பிறகாவது அந்தக் கட்டம் மாறணும். வியாசர்பாடி பசங்க புட்பால் ஆடுறதும் அப்படித் தான், ஒரு கோச் கையில சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இருக்கிறவன் பத்தி நான் பயப்பட மாட்டேன்.

13 மே

அட்ரஸ் விஷயம். இதை எல்லாரும் மறந்துடுறாங்க. பத்திரத்துல விடணும்னா பையனுக்கோ ஜாமீன் நிக்கிறவருக்கோ நிலையான வசிப்பிடம் இல்லன்னா வழக்கமான தொழில், ரெண்டுல ஒண்ணு இருக்குனு கோர்ட் திருப்திப்படணும், பிரிவு 4லயே இருக்கு. நம்ம பக்கத்துல இது லேசான விஷயம் இல்ல. மின்ட், மூலக்கொத்தளம் பக்கம் பிளாட்பாரத்துலயே மூணு தலைமுறையா இருக்கிறவங்க இருக்காங்க, பிளாட்பாரத்துக்கு ஏது கதவு நம்பர். குடிசையை எடுத்துட்டு பெரும்பாக்கத்துக்கு அனுப்பின குடும்பம் இருக்கு, கார்டுல இன்னும் பழைய அட்ரஸ், பையன் வேலை செய்றது கொருக்குப்பேட்டையில, தூங்குறது கடையில, அம்மா இருக்கிறது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி. இவனுக்கு எது நிலையான வசிப்பிடம்?

வீடு இல்லன்னா தொழிலைப் பிடிங்கனு தான் சொல்லுவேன். சட்டத்துல "அல்லது"னு தான் இருக்கு, "மற்றும்"னு இல்ல. டீக்கடை ஓனர் ஒருத்தர் வந்து இவன் என் கடையில 8 மாசமா கிளாஸ் கழுவுறான்னு சொன்னா அது தொழில். ஜாமீன் நிக்கிறவருக்கு அட்ரஸ் இருந்தாலும் போதும்.

18 மே

நெறைய பேர் கேட்டுட்டீங்க, இது ஸ்டேஷன்ல 110 (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு) போடுறாங்களே அதுவானு. இல்ல. அது போலீஸ் பக்கத்துல இருந்து வர்றது, இனிமே தப்பு பண்ண மாட்டேன்னு முன்கூட்டியே எழுதி வாங்குறது, இப்ப புது சட்டத்துல நம்பரும் மாறிடுச்சு. ரெண்டுக்கும் நன்னடத்தைன்னு பேர் இருக்கிறதால தான் நாங்க வாசல்ல நின்னாலே வீட்ல வெலவெலத்துப் போறாங்க. ஜாமீன்ல வந்தவன் ஸ்டேஷன்ல போடுற கண்டிஷன் சைனும் வேற.

24 மே

ஒரு அண்ணன் கோவமா எழுதியிருக்கார், பறிச்சவனுக்கு இவ்ளோ பேசுறியே, பறிகொடுத்தவங்களுக்கு யாரு பேசுறதுனு. நியாயமான கோவம், ரெண்டு நாள் யோசிச்சுட்டு எழுதுறேன்.

போன வருஷம் ஒரு கேஸ்ல பறிகொடுத்தது ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்குற ஒரு அம்மா, நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஸ்டாப்ல நின்னப்ப பறிச்சிருக்காங்க. நான் அவங்களையும் போய்ப் பாத்தேன், பாக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பாக்காம எழுத எனக்கு மனசு வரல. "போன் போயிடுச்சு, ட்யூ போகலயே"ன்னாங்க. இன்னும் 7 மாசம் ட்யூ பாக்கி, இல்லாத போனுக்கு மாசாமாசம் கட்டிட்டு இருக்காங்க. அதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதினேன். பிரிவு 5ன்படி நஷ்டஈடு குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டது, அதைக் கட்ட வைக்கிறதும் எங்க வேலை தான். பையன் மூணு தவணையில கட்டி முடிச்சான். முதல் தவணை கட்டின அன்னைக்கு அவன் முகத்தைப் பாத்திருக்கணும், அந்த ட்யூ கணக்கை நான் அவனுக்கு வரி வரியா படிச்சுக் காட்டினேன், அதுவரைக்கும் அவனுக்கு அது ஒரு போன், அன்னைக்குத் தான் அது ஒரு அம்மா.

ஜெயிலுக்குப் போயிருந்தா அந்த அம்மாவுக்கு யார் கட்டுவா? இதை நான் வாதத்துக்காக சொல்லல அண்ணா.

30 மே

காசிமேட்டுப் பையன் ஒருத்தன் என் மேற்பார்வையில இருக்கான் (அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்திட்டேன்). விசைப்படகுல ஆள் வேலை. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, படகு கரையில. அரசாங்கம் தடைக்கால நிவாரணம் 8000 ரூபா குடுக்குது, ஆனா மீனவர்னு பதிவு இருக்கிற குடும்பத்துக்கு, இவன் பதிவு இல்லாம கூலிக்கு ஏர்றவன். தொழில் இல்லாத 61 நாள், 20 வயசு, பாக்கெட்ல காசு இல்ல, பழைய கூட்டாளிங்க தினமும் வண்டியில வந்து கூப்டுறானுங்க. மேற்பார்வை காலத்துல எனக்கு வயித்துல புளியைக் கரைக்கிற மாசம் எதுன்னா சித்திரையும் வைகாசியும் தான்.

போன வாரம் போய்ப் பாத்தேன். துறைமுகத்துல ஒரு பெரியவர் பக்கத்துல உக்காந்து வலைக் கிழிசல் தைக்கக் கத்துக்கிறான். ஊசியில நூலைச் சுத்தி, இடது கை ரெண்டு விரல்ல கண்ணியை அளந்து, முடிச்சு போட்டு சுருக்குன்னு இழுக்குறார் பெரியவர், இவன் போட்டா கண்ணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. பெரியவர் ஒண்ணும் சொல்லாம அவுத்து விடுறார், இவன் மறுபடி போடுறான். அரை மணி நேரம் பாத்துட்டே இருந்தேன். நாள் கூலி கொஞ்சம் தான். ஆனா நான் முதல்ல எழுதினேனே, இவன் யார் பேச்சைக் கேப்பான்னு, அந்த ஆளைப் பாத்துட்டேன்.

2 ஜூன்

கேட்டவங்களுக்கு: இந்த வேலை எங்க ஆரம்பிச்சதுன்னா 1841ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஜான் அகஸ்டஸ்னு ஒருத்தர், பூட்ஸ் தைக்கிறவர், கோர்ட்ல நின்ன ஒரு குடிகாரரை ஜாமீன்ல தன் பொறுப்புல எடுத்துட்டுப் போனார். சம்பளம் இல்ல, யாரும் கேக்கல. பெரியமேட்டுல தோல் கடை வரிசையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவர் நெனப்பு வரும். நம்ம மதராஸ் மாகாணத்துல 1936லயே இதுக்குச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க, நாடு முழுக்க 1958ல தான்.

16 ஜூன்

படகெல்லாம் போயிடுச்சு. 14ந்தேதி ராத்திரி காசிமேட்டுல ஐஸ் ஏத்துறதும் டீசல் ஏத்துறதும் ஒரே சத்தம். என் மேற்பார்வையில இருக்கிற பையன் போன் பண்ணி, மேடம் ஏறிட்டேன், பத்து நாள் ஆவும்னான். அப்புறம் தான் தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு, அவன் மாசாமாசம் 20ந்தேதி என் ஆபீசுக்கு வந்து கையெழுத்து போடணும்னு உத்தரவு. கடல்ல இருப்பான். பத்திர நிபந்தனை மீறல்.

20 ஜூன்

கோர்ட்ல மனு போட்டுட்டேன். பிரிவு 8ல நன்னடத்தை அலுவலர் கேட்டா நிபந்தனையை மாத்தலாம். இதை நான் முதல் நாளே யோசிச்சிருக்கணும், தொழில்னு பெருமையா ரிப்போர்ட்ல எழுதத் தெரிஞ்ச எனக்கு அந்தத் தொழில் எத்தனை நாள் கடல்ல இருக்கும்னு கேக்கத் தோணல.

மீறினா என்ன ஆகும்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. சம்மனோ வாரண்டோ வரும். பழைய குற்றத்துக்கே தண்டனை குடுக்கலாம், இல்ல முதல் தடவைன்னா 50 ரூபா வரைக்கும் அபராதம் போட்டு பத்திரத்தைத் தொடர விடலாம். 1958ல எழுதின 50 இன்னைக்கும் 50 தான், யாரும் ஏத்தாம இருக்கட்டும்.

எல்லாரும் கரை ஏறிடுறதில்ல. போன தையில ஒருத்தன் திரும்ப மாட்டினான், ஒரு வருஷமா ஒழுங்கா வந்தவன். நான் நல்லா எழுதின ரிப்போர்ட் அது. எழுதினது தப்பான்னு எத்தனையோ தடவை எடுத்துப் படிச்சுப் பாத்துட்டேன். தப்பில்ல. அண்ணன் செத்ததுக்கு அப்புறம் அவன் கேக்குற ஆள் யாருமே இல்லாம போயிட்டான், நான் மாசம் ஒரு தடவை பாக்குறவ, அந்த எடத்துல நிக்க என்னால முடியல. அதை நெனச்சா தான் இன்னைக்கும் சோறு எறங்காது.

29 ஜூன்

நிபந்தனை மாத்தி உத்தரவு வந்துடுச்சு. கரைக்கு வந்த 3 நாளுக்குள்ள கையெழுத்து. 26ந்தேதி கரை ஏறினான், மறுநாளே வந்துட்டான், ஒரு பையில சங்கரா மீன் கொண்டாந்தான். வாங்க முடியாதுடா, சட்டம் இல்லன்னேன். முகம் சுருங்கிப் போச்சு. அந்தப் பெரியவர் வீட்டுக்குக் குடுத்தியாடானு கேட்டேன். குடுக்கலயாம். அப்ப அங்க போய்க் குடுன்னேன், அவன் அந்த மீனை எடுத்துட்டு நேரா அங்க போயிருக்கான், பெரியவர் எனக்கு போன் பண்ணிச் சொன்னார்.

6 ஜூலை

பொண்ணு எழுதியிருக்கா, முதல் கேள்வி கேட்டவ. அலுவலர் இன்னும் வரல, வாய்தா 21ந்தேதி, தம்பிக்கு ஆவணியில 21 முடியுதாம். எனக்கு உடம்பெல்லாம் பதறுது. உங்க ஏரியா என் கையில இல்லம்மா, ஆனா இது செய்ங்க. நாளைக்கே வக்கீலை விட்டு அலுவலருக்கு உங்க போன் நம்பர் போய்ச் சேர வைங்க. வீட்ல யார் எத்தனை மணிக்கு இருப்பீங்கன்றதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, பகல்ல வீடு ஏன் பூட்டியிருக்கும்ன்றதையும் அதுலயே எழுதுங்க, அம்மா எங்க வேலைக்குப் போறாங்க, எத்தனை மணிக்கு வருவாங்கனு. தம்பி பேச்சைக் கேக்குற ஆள் யாரோ அவரை அன்னைக்கு வீட்ல இருக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் ரகசியம் தான், பிரிவு 7, ஆனா அதுல என்ன சாராம்சம்னு கோர்ட் உங்களுக்குச் சொல்லலாம், தப்பா இருந்தா மறுத்து ஆதாரம் குடுக்கலாம், வக்கீலை அதைக் கேக்கச் சொல்லுங்க, மனசைத் தேத்திக்கோங்கனு அவர் சொன்னா விடாதீங்க.

பறிகொடுத்த அந்த அக்காவுக்கு என்ன நஷ்டம்னு தம்பிக்குத் தெரியுமானு முதல்ல கேளுங்க.

22 ஜூலை

மெசேஜ் வந்துச்சு. அலுவலர் 14ந்தேதி ராத்திரி எட்டு மணிக்கு வந்தாராம், தண்ணி லாரி வந்த நேரம், அம்மா குடத்தோட கீழ நின்னிருக்காங்க, அவரே ஒரு குடத்தை மூணு மாடி தூக்கிட்டு ஏறினாராம். யாரோ தெரியல, கை எடுத்துக் கும்பிடுறேன். தீர்ப்பு 2 வருஷம் பத்திரம், ஒரு வருஷம் மேற்பார்வை, போனுக்கு நஷ்டஈடு. தம்பி எந்தத் தேதியில கையெழுத்து போட வசதின்னு கேக்குறாங்களாம், என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கா.

அவன் வேலைக்குப் போற எடத்துல வாரத்துல எந்த நாள் லீவு, சம்பளம் எந்தத் தேதின்னு கேட்டுட்டு எழுதும்மா. சம்பளம் வந்த மறுநாளா பாத்து வாங்கு, தவணையையும் அன்னைக்கே கட்டிட்டு வந்துடலாம்.